ஈயத்தலை

அமிர்தவனம் குடியிருப்பின் வாசல் வளைவு அலறியபோது மிதுனா எழுந்துகூடப் பார்க்கவில்லை. யார் வந்திருப்பார்கள் என்று அவளுக்குத் தெரியும். வீட்டு வேலைக்கு வருகிறவர்கள் பிளாஸ்டிக் தொப்பிக்குள் முடியை முடிந்துகொண்டு பின்வாசல் வழியாக நுழைவார்கள். முன்வாசலில், வெறும் தலையோடு, வளைவு கத்தக் கத்தச் சாவகாசமாக நடந்து வருகிற ஈயத்தலை ஒருத்திதான். கணவனின் அண்ணன் மனைவி தாரணி.

"வந்துட்டாங்க உங்க அண்ணி," என்றாள் மிதுனா. "தொப்பி போட்டுட்டு வாங்கன்னா கௌரவக் குறைச்சல். இனித் தெரு முழுக்க எனக்கு போன் பண்ணிக் கேக்கும்."

கணவன் பிரசன்னா கதவைத் திறக்கப் போனான். எதற்கும் ஒன்றும் சொல்லாமல் இருப்பது அவன் வழக்கம்.

மோர் மருந்து வந்து சில வருடங்கள் ஆகியிருந்தன. அதற்கு முன்னால், பட்டறைகளும் முலாம் பூசும் கூடங்களும் பழைய பேட்டரி உருக்கும் உலைகளும் இருந்த இடங்களில் மண் முழுக்க ஈயம் ஊறி, அங்கே வளர்ந்த குழந்தைகள் மந்தமாகிக்கொண்டிருந்தார்கள். மண்ணைச் சுத்தம் செய்ய எவ்வளவு காலம் பிடிக்கும் என்று கணக்குப் பார்த்து மலைத்துப்போன அரசாங்கம், மனிதர்களைச் சுத்தம் செய்துவிடலாம் என்று முடிவெடுத்தது. மருந்து என்பது ஒரு நுண்ணுயிர். மோரில் கலந்து கொடுத்தால் குடலில் குடியேறிக்கொள்ளும். அது சுரக்கிற சத்து ரத்தத்தில் ஓடும் ஈயத்தைப் பிடித்து, முடியின் வேரில் கொண்டுபோய் இறக்கிவிடும். முடி வளர வளர விஷம் வெளியே வந்துவிடும். வெட்டினால் போயிற்று.

குழந்தைகள் பிழைத்தார்கள். முடிதான் கனத்தது. வெயிலில் நின்றால் மங்கலான சாம்பல் மினுமினுப்பு ஒன்று தெரிந்தது.

ஊருக்கு அது போதுமானதாக இருந்தது. முடிதிருத்தகங்கள் கனமுடி வெட்டுவதில்லை என்று பலகை மாட்டின. பெண் பார்க்கப் போனவர்கள் பூ வைத்துவிடுகிற சாக்கில் பின்னலைக் கையில் தூக்கி எடை பார்த்தார்கள். பெரிய பள்ளிக்கூடங்கள் விண்ணப்பத்தோடு ஒரு முடியையும் ஒட்டித் தரச் சொல்லின. ஈயத்தலை என்ற சொல்லை முதலில் யார் சொன்னார்களோ தெரியாது, ஆனால் எல்லோர் வாயிலும் அது வழுக்கிக்கொண்டு வந்தது. அமிர்தவனத்து வாசலில் ஈயமுடியைக் கண்டு கத்துகிற வளைவு வைக்கலாம் என்பது மிதுனாவின் யோசனை. குடியிருப்போர் சங்கத்துக்குத் தலைவியானதும் அவள் செய்த முதல் காரியம் அதுதான்.

தாரணி கடலை உருண்டை கொண்டுவந்திருந்தாள். மிதுனா அதை வாங்கி, பிரிக்காமல், வேலைக்காரிக்குக் கொடுக்கிற சாமான்கள் இருக்கும் பக்கமாக வைத்தாள். தாரணி பார்க்கும்படியாகவே வைத்தாள்.

உள்ளிருந்து ஆறு வயது மகள் மகிழினி வயிற்றைப் பிடித்துக்கொண்டு வந்தாள்.

"என்ன கண்ணு, இன்னும் வயிறு வலிக்குதா?"

"ஆமா பெரியம்மா. சாப்பிட்டாலும் வலிக்குது. சாப்பிடலைன்னாலும் வலிக்குது."

தாரணி குழந்தையின் கீழுதட்டை மெல்ல இழுத்துப் பார்த்தாள். ஈறின் விளிம்பில் பென்சிலால் கீறியதுபோல ஒரு கருநீலக் கோடு. அவள் முகம் மாறியது.

"மிதுனா, இங்க பாரு. மருந்து வர்றதுக்கு முன்னாடி எங்க பையன் கவினுக்கு இதே மாதிரிதான் இருந்துச்சு. எழுதுன எழுத்தெல்லாம் மறந்துட்டான். எங்கூட்டுல உறைமோர் இருக்குது, கொண்டாந்து தரட்டுமா? ஒரு கரண்டி குடுத்துப் பாக்கலாம்."

"உங்க பட்டறைப்பேட்டையில இருக்கறதெல்லாம் இங்கயும் இருக்கும்னு நினைச்சுக்காதீங்கக்கா," என்றாள் மிதுனா. "இவ வெளிய ஒரு வாய் சாப்பிட்டதில்ல. கீரை, தக்காளி, முருங்கை எல்லாம் எங்க தோட்டம். இவ முடியத் தொட்டுப் பாருங்க. பஞ்சு மாதிரி இருக்கும். இதை உங்க தலை மாதிரி ஆக்கிக் கூட்டிட்டுத் திரியச் சொல்றீங்களா?"

பிரசன்னா தரையைப் பார்த்துக்கொண்டு நின்றான். தாரணி குழந்தையின் தலையைத் தடவப் போய், கையை மடக்கிக்கொண்டாள்.

"வர்றேன் தம்பி," என்று அவனிடம் மட்டும் சொல்லிவிட்டுப் போனாள். வளைவு மறுபடியும் அலறியது. மிதுனா நாற்காலியைத் துடைக்கச் சொன்னாள்.

ஆனாலும் டாக்டரிடம் போனாள், தாரணி சொன்னது தப்பு என்று யாராவது படித்தவர் வாயால் கேட்க வேண்டும் என்பதற்காக. நகரத்திலேயே பெரிய குழந்தை மருத்துவர் அவர். முகவரியைப் பார்த்தார், மகிழினியின் ஒரு முடியை எடுத்துக் கருவியில் வைத்தார், பச்சை விளக்கு எரிந்ததும் சிரித்தார். ரத்தம் எடுத்து ஈயம் பார்க்கிற வழக்கமே மலையேறிவிட்டிருந்தது. முடியிலேயே தெரிகிறபோது பிள்ளைகளை எதற்கு ஊசியால் குத்த வேண்டும்?

"முடி ரொம்ப சுத்தமா இருக்கும்மா. அமிர்தவனத்துப் பிள்ளைக்கு ஈயமா? யார் சொன்னது?"

"சொந்தத்துல ஒருத்தங்க. பட்டறைப்பேட்டைல இருக்காங்க."

"அதானே பார்த்தேன். ரத்தசோகைதான். கீரை நிறையக் குடுங்க. கடைல வாங்காதீங்க. உங்க தோட்டத்துக் கீரையே குடுங்க."

மிதுனா கொடுத்தாள். காலையில் முருங்கைக்கீரை, மத்தியானம் அரைக்கீரை, சாயங்காலம் தக்காளி சூப். வாய் திறக்க மறுத்தால் மூக்கைப் பிடித்துக்கூட ஊட்டினாள். குழந்தை மெலிந்தது. சொன்னதைத் திரும்பச் சொல்லத் தெரியாமல் விழித்தது. பள்ளியில் கவனம் இல்லை என்று டீச்சர் அழைத்துப் பேசியபோது, "உங்களுக்குச் சொல்லித்தரத் தெரியலைன்னு சொல்லுங்க," என்று சண்டை போட்டுவிட்டு வந்தாள்.

ஒரு மத்தியானம் நடன வகுப்பில் மகிழினி சலங்கையோடு விழுந்தாள், கை கால் வெட்டி இழுத்தது. காய்ச்சலே இல்லாத பிள்ளைக்குக் காய்ச்சல் வலிப்பு என்று மருத்துவமனையில் எழுதிக் கொடுத்தார்கள். முடி அங்கேயும் பச்சை காட்டியது.

அதற்குப் பிறகு பிரசன்னா சனிக்கிழமைகளில் குழந்தையை நீச்சல் வகுப்புக்குக் கூட்டிப்போக ஆரம்பித்தான். ஈரமில்லாத துண்டோடு திரும்பி வருவார்கள். மிதுனா அதைக் கவனிக்கவில்லை. குழந்தை தேறுவதைத்தான் கவனித்தாள். வயிற்று வலி நின்றது. எழுத்துகள் ஒவ்வொன்றாகத் திரும்பி வந்தன. பசிக்கிறது என்று கேட்டுச் சாப்பிட்டது. சங்கக் கூட்டத்தில் மிதுனா எல்லோரிடமும் சொன்னாள்: "எல்லாம் கீரைதான். நம்ம மண்ணு அப்படி."

பள்ளிப் பேருந்திலிருந்து மகிழினியைக் கூட்டிக்கொண்டு வாசலுக்குள் நுழைந்த ஒரு மாலையில் வளைவு அலறியது. மிதுனா திரும்பிப் பார்த்தாள். பின்னால் யாரும் இல்லை.

"மெஷின் கோளாறு போல," என்றாள்.

"இருக்குமுங்க மேடம்," என்றான் காவலாளி. "பாப்பாவை மறுபடியும் ஒருக்கா வரச் சொல்லுங்க."

மிதுனா மட்டும் போய் வந்தாள். வளைவு சும்மா இருந்தது. குழந்தை போனதும் வளைவு அலறியது. பூங்காவில் உட்கார்ந்திருந்த பெண்கள் பேச்சை நிறுத்தினார்கள். பக்கத்து வீட்டு ஷர்மிளா தன் மகனைக் கையைப் பிடித்து இழுத்து மடியில் உட்கார வைத்துக்கொண்டாள். காவலாளி எங்கேயோ பார்த்தபடி பெட்டியிலிருந்து சின்னதாக ஒரு பிளாஸ்டிக் தொப்பியை எடுத்து நீட்டினான். விதிமுறையை எழுதிக் கையெழுத்துப் போட்டவள் எதிரிலேயே நின்றிருந்தாள். அவன் என்ன செய்வான்?

"அம்மா, எதுக்கு எனக்குத் தொப்பி?" என்று கேட்டது குழந்தை.

பட்டறைப்பேட்டைக்கு மிதுனா கல்யாணமான புதிதில் ஒருமுறை வந்ததோடு சரி. இப்போது செருப்பைக்கூடக் கழற்றாமல் தாரணியின் வீட்டுக்குள் நுழைந்தாள். பின்னாலேயே பிரசன்னா வந்தான். காரில் வரும்போதே அவன் உண்மையைச் சொல்லிவிட்டிருந்தான். நீச்சல் என்றதெல்லாம் பொய். சனிக்கிழமைதோறும் குழந்தை இங்கேதான் வந்து மோர் குடித்தது.

"என்ற பொண்ணுக்கு என்ன கலந்து குடுத்தீங்க? உங்க பிள்ளைங்க கெட்டது போதாதா?"

தாரணி அடுப்பை அணைத்துவிட்டு வந்தாள். "மருந்துதான் குடுத்தேன். அதுல ஈயம் கிடையாது."

"அப்புறம் எப்படி வந்துச்சு?"

"உள்ள இருந்துச்சு, வெளிய வந்துச்சு. உள்ள ஒண்ணும் இல்லாதவங்க குடம் குடமாக் குடிச்சாலும் முடி கனக்காது. இவ எங்கூட்டுல சோறு தின்னதில்ல. நீ விட மாட்ட. எதைத் தின்னு வளர்ந்தாளோ, அதுல இருந்துதான் வந்திருக்குது."

"எங்க யாரு தலையும் கத்தறதில்லையே!"

"எப்படிக் கத்தும்? நீங்கதான் மருந்தைத் தொட மாட்டீங்களே. எங்களுக்கு வெளிய வந்துருது. உங்களுக்கு எலும்புல போய் உக்காந்திருக்குது. கத்தலைன்னா சுத்தம்னு யாரு சொன்னா?"

மிதுனா கணவன் பக்கம் திரும்பினாள். அவன் சுவரோரமாக உட்கார்ந்திருந்தான்.

"அமிர்தவனம் தாத்தா காலத்துல தென்னந்தோப்பு," என்றான். "அப்பா பேட்டரி உருக்கற உலைக்கு வாடகைக்கு விட்டாரு. அப்புறம் முலாம் பூசற ஷெட். அதையும் மூடுனதும் வில்லா கட்டலாம்னாங்க. மண்ணை எடுத்துப் பார்த்தாங்க. பயிர் பண்ற மண்ணுக்கு ஒரு அளவு, வீடு கட்டற மண்ணுக்கு ஒரு அளவு, ஆலைக்கு ஒரு அளவு வெச்சிருக்காங்க. பயிருக்கு ஆகாத மண்ணு வீட்டுக்கு ஆகும். வீட்டுக்கும் ஆகலைன்னா மேல ஓரடி செம்மண் கொட்டுனா ஆகும். அப்பா கொட்டுனாரு. சட்டப்படி எல்லாம் சரிதான்."

"கீரை?"

"வீட்டுத் தோட்டத்தைப் பயிர்னு எடுத்துக்க மாட்டாங்க. அழகுச் செடியோட சேர்த்துருவாங்க."

"வேரு சட்டத்தைப் படிச்சுட்டு ஓரடியோட நின்னுக்கும்னு நினைச்சீங்களா தம்பி?" என்றாள் தாரணி. அவள் குரலில் கோபம் இல்லை. அதைவிட மோசமான இளக்காரம் இருந்தது. மிதுனாவுக்கு அது நன்றாகத் தெரியும். இத்தனை வருடம் அவளே பிறருக்குக் கொடுத்துவந்த சரக்கு.

"எங்க மண்ணுக்குத் தொழிற்பேட்டை மண்ணுன்னு பேரு. அதனால பயந்தோம். சோதிச்சாங்க, மருந்து குடுத்தாங்க. உங்க மண்ணுக்குக் குடியிருப்புன்னு பேரு. அந்தப் பேரையே தின்னுட்டு இருந்திருக்கீங்க."

மிதுனா பிரசன்னாவைப் பார்த்தாள். "நான் மூக்கைப் பிடிச்சு ஊட்டுனனே. பாத்துட்டுதான இருந்தீங்க? ஒரு வார்த்தை சொல்லலியே."

"ஓரடி போதும்னு நானும் நம்புனேன்," என்றான். "நம்பறதுதான் வசதியா இருந்துச்சு."

மறுநாள் மிதுனா டாக்டரிடம் சண்டை போட்டு, தனக்கும் குழந்தைக்கும் ரத்தம் எடுத்துப் பார்க்கச் சொன்னாள். அறிக்கை வந்ததும் அவர் முதல்முறையாகச் சிரிக்காமல் பேசினார். மிதுனாவின் உடம்பில் இருந்தது குழந்தையிடம் இருந்ததைவிட அதிகம். அன்று சாயங்காலமே தாரணி வீட்டுக்குப் போய், வாசலிலேயே செருப்பைக் கழற்றிவிட்டு, உறைமோர் கேட்டாள். தாரணி ஒரு தூக்குச்சட்டியில் ஊற்றிக் கொடுத்தாள். உட்காரச் சொல்லவில்லை.

சங்கக் கூட்டத்தில் மிதுனா எல்லாவற்றையும் சொன்னாள். உலை, ஷெட், ஓரடிச் செம்மண், ரத்த அறிக்கை. எல்லோரும் ரத்தம் கொடுத்துப் பார்க்க வேண்டும், மண்ணைத் தோண்டி எடுக்கச் சொல்லி அரசாங்கத்துக்கு எழுத வேண்டும் என்றாள். ஷர்மிளா எழுந்தாள்.

"அக்கா, உங்க வீட்டுல இப்படி ஆனது எங்களுக்கும் வருத்தமாத்தான் இருக்குது. அதுக்காக எங்க வீட்டு மண்ணையும் சேர்த்துச் சொல்லாதீங்க. எழுதிப் போட்டா இந்த இடத்துக்கு என்ன பேரு வரும்? நாளைக்கு யாரு இங்க வீடு வாங்குவாங்க? எங்க யாரு தலையும் கத்தலையே."

எல்லோரும் தலையை ஆட்டினார்கள். அந்தக் கூட்டத்திலேயே ஷர்மிளா தலைவியானாள். கொஞ்ச நாளில் மிதுனாவின் தலையும் கனத்து, அவளும் மகளும் தொப்பி போட்டுக்கொண்டு பின்வாசல் வழியாகப் போய்வர வேண்டியதாயிற்று.

ஆனால் அமிர்தவனத்துக்காரர்களுக்குள் பயம் இறங்கிவிட்டிருந்தது. அதைச் சாமர்த்தியமாக மோப்பம் பிடித்த கம்பெனி ஒன்று, மோர் மருந்தை அழகான கண்ணாடிக் குப்பியில் அடைத்து விற்க வந்தது. ரோஜா வாசனை, ஏலக்காய் வாசனை. பேட்டைச் சட்டிகளில் கைமாறுகிற மோர் இல்லை, கொதிக்கவைத்துச் சுத்திகரித்தது. எல்லாவற்றையும்விட முக்கியமாக, முடி கனக்காது. அமிர்தவனம் முழுக்க வாங்கிக் குடித்தது. வளைவு யாருக்கும் கத்தவில்லை. மருந்து குடித்தும் கத்தாததால், மண்ணில் ஒன்றும் இல்லை என்று நிரூபணமாகிவிட்டதாகச் சங்கம் அறிவித்தது.

மிதுனா ஒரு குப்பி வாங்கி, வெதுவெதுப்பான பாலில் ஒரு கரண்டி விட்டு மூடி வைத்தாள். பக்கத்தில் இன்னொரு கிண்ணத்துப் பாலில் தாரணியின் உறைமோர். காலையில் ஒன்று கத்தியால் வெட்டலாம்போலத் தோய்ந்திருந்தது. மற்றது பாலாகவே கிடந்தது. இரண்டையும் எடுத்துக்கொண்டு போய் மதிலுக்கு அந்தப் பக்கம் நின்ற ஷர்மிளாவிடம் காட்டினாள்.

"பாரு ஷர்மி. கொதிக்க வெச்சதுல உயிரு செத்துப்போச்சு. நீங்க குடிக்கறது வெறும் வாசனைத் தண்ணி. உன்ற பையனுக்காவது இதைக் குடு."

ஷர்மிளா கிண்ணத்தைத் தொடவில்லை. மூக்கைச் சுளித்தாள். "தோயலைன்னா நல்லதுதானேக்கா? கிருமி இல்லைன்னுதானே அர்த்தம்?" என்று சொல்லிவிட்டு, மதிலைவிட்டுச் சற்று விலகி நின்று, சிரித்தாள். பேசுகிறவளை மனுஷியாகவே மதிக்காத சிரிப்பு. அந்தச் சிரிப்பில் எந்த இடத்தில் உதடு மடியும் என்பதுகூட மிதுனாவுக்கு அத்துபடி.

அன்று அவள் கடப்பாரையை எடுத்துத் தோட்டத்தில் குழி தோண்டினாள். மேலே செம்மண் ஒரு முழம்கூட இல்லை. அதற்குக் கீழே சாம்பலும் கசடும் உருகி உறைந்த கருங்கட்டிகளும். எல்லோரும் வந்து பார்க்கட்டும் என்று திறந்தே வைத்தாள். யாரும் வரவில்லை.

"வித்துட்டு அண்ணன் வீட்டுப் பக்கமா போயிடலாம்," என்றான் பிரசன்னா. வளைவின் மௌனம் அமிர்தவனத்து வீடுகளுக்கு முன்னெப்போதும் இல்லாத மவுசைக் கொண்டுவந்திருந்தது.

வீடு பார்க்க ஈரோட்டுப் பக்கமிருந்து ஒரு இளம் தம்பதி வந்தார்கள். அந்தப் பெண்ணுக்கு ஏழாவது மாதம் இருக்கும். அறைகளைப் பார்த்தார்கள், மாடியைப் பார்த்தார்கள், தோட்டத்துக்கு வந்தார்கள்.

"இங்க கீரை போடலாமுங்களா?" என்று கேட்டாள் அவள்.

பிரசன்னா மனைவியைப் பார்த்தான். அவன் கண்ணில் இருந்த கெஞ்சலை மிதுனா பார்த்தாள். பிறகு பார்க்காததுபோல அவர்களைக் குழியின் ஓரத்துக்குக் கூட்டிப்போனாள்.

"போடாதீங்க. இது பேட்டரி உருக்குன இடம். கீழ தெரியுதா கருப்பு? அது ஈயக் கசடு. என்ற பொண்ணுக்கு வலிப்பு வந்துச்சு. வயித்துப் பிள்ளைக்கு ரத்தத்துலயே போயிரும். இந்த வீடுன்னு இல்ல, இங்க எந்த வீடும் வேண்டாம்."

அந்தப் பெண் குழிக்குள் எட்டிப் பார்க்கவில்லை. மிதுனாவின் முந்தானை தன்மேல் பட்டுவிடாமல் சேலையை ஒதுக்கிக்கொண்டு, கணவன் காதில் ஏதோ சொன்னாள். "தொப்பி" என்ற சொல் மட்டும் கேட்டது. அவன் மரியாதைக்காரன். கைகூப்பினான்.

"சொன்னதுக்கு ரொம்ப நன்றிங்க. வீடு எங்களுக்குப் புடிச்சிருக்குது. பத்திரம் பண்றதுக்கு முன்னாடி இந்தக் குழியை மட்டும் மூடிக் குடுத்துருங்க. போதும்."

"மூட மாட்டேன்."

"மண்ணு நாங்களே கொட்டிக்கறமுங்க."

"கொட்ட விடமாட்டேன்."

அவன் தரகரைப் பார்த்தான். தரகர் தன் நெற்றியைத் தொட்டு, இந்தப் பொம்பளைக்குச் சரியில்லை என்று சைகை காட்டினார். அவர்கள் போனார்கள்.

"நீ பேசாம இருந்திருந்தா இன்னைக்கு முடிஞ்சிருக்கும்," என்றான் பிரசன்னா.

"நான் பேசுனதாலயா போறாங்க?" என்றாள் மிதுனா. "அதை யாரு கேட்டா? குழியை மூட மாட்டேன்னதாலதான் போறாங்க."

அடுத்த மாதம் அந்தத் தம்பதி ஷர்மிளா வீட்டுக்கு அந்தப் பக்கத்து வீட்டை வாங்கிக் குடிவந்தார்கள். மிதுனா தூக்குச்சட்டியில் மோர் எடுத்துக்கொண்டு போனாள். கதவு திறக்கவில்லை. ஜன்னல் திரை மட்டும் அசைந்தது. சட்டியை வாசற்படியில் வைத்துவிட்டுத் திரும்பி நடந்தபோது, வீட்டுக்குப் பின்னாலிருந்து குழாய்த் தண்ணீர் பீறிடும் சத்தமும், "கீரைக்கு வேர்ல நல்லா விடு, அப்பத்தான் செழிப்பா வரும்" என்று அந்தப் பெண் யாரிடமோ சொல்வதும் கேட்டன.